குறுக்குவழியும் வரிசையும்: கைபேசித் தேடல் குறித்துச் சில குறிப்புகள்

1

'பொத்தான்ல என்னப்பா அரசியல் இருக்கு?' என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நிலம், கூலி, சாதி, மொழி என்று பேச வேண்டியவை மலைபோல் கிடக்கும்போது, கைபேசியில் எந்த விசையை அமுக்கினால் எந்தப் பக்கம் வரும் என்பதைப் பற்றியெல்லாம் விமர்சனம் எழுதுவது வேலையற்ற வேலை என்பது அவர்கள் கட்சி. தொழில்நுட்பர்களிடம் போனால் அவர்கள் வேறொரு கதவைச் சாத்துகிறார்கள்: 'இது வெறும் வசதி சம்பந்தப்பட்டது, இதுக்குள்ள அரசியலைக் கொண்டு வராதீங்க.' இரண்டு தரப்பும் வேறுவேறு காரணங்களுக்காக ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. வடிவமைப்பு என்பது கேள்விக்கு அப்பாற்பட்டது என்கிற இடம் அது.

இன்று பட்டா நகல் எடுக்கப் போகிறவரும், நூறு நாள் வேலைக்கான கூலி ஏன் வரவில்லை என்று விசாரிக்கிறவரும், ஒரு கவிஞரின் பெயரைப் போட்டுப் பார்க்கிற மாணவரும் முதலில் சந்திப்பது கைபேசித் திரையில் விழும் ஒரு பட்டியலைத்தான். அந்தப் பட்டியலில் எது முதலாவது, எது நான்காவது, எது கண்ணுக்கே எட்டாத ஆழத்தில் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. அந்த வரிசையைத் தாண்டிப் போக வாசிப்பவர் கையில் என்ன இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வியைப் பற்றி உலகமெங்கும் நிறையவே எழுதியாகிவிட்டது. இரண்டாவதை, அதாவது குறுக்குவிசை என்னும் சின்ன விஷயத்தை, யாரும் அரசியலாகப் பார்ப்பதில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதே என் வாதம்.

2

கொஞ்சம் வரலாறு. தொலைபேசியில் 1, 2, 3 மேல் வரிசையில் இருப்பது இயற்கை விதி இல்லை. கணக்குப்போடும் கருவியில் 7, 8, 9தான் மேலே இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பலவித அடுக்குகளைச் செய்து ஆட்களிடம் கொடுத்துச் சோதித்து, 1960இல் முடிவை வெளியிட்டார்கள். 1963இல் பொத்தான் தொலைபேசி வாடிக்கையாளர்களிடம் வந்தது. நட்சத்திரக் குறியும் ஹாஷ் குறியும் 1968இல் சேர்ந்தன. ஓர் ஆய்வுக்கூடத்து முடிவு உலகத்து விரல்களுக்கெல்லாம் பழக்கமாயிற்று. பழக்கமான பிறகு, அது யாரோ எடுத்த முடிவு என்பதே மறந்துபோகும். கிராம்ஷி மேலாண்மை என்று சொன்னது கருத்துக்களின் தளத்தில் மட்டும் நடப்பதில்லை. கட்டைவிரலின் தளத்திலும் நடக்கிறது.

இந்தப் பன்னிரண்டு பொத்தான்களோடுதான் வலைப்பக்கங்கள் கைபேசிக்கு வந்தன. 1998 பிப்ரவரியில் ஜப்பானின் ஆக்சஸ் நிறுவனம், சிறு கருவிகளுக்கென்று சுருக்கிய எச்.டி.எம்.எல். வடிவம் ஒன்றை உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் முன் வைத்தது. சிறிய திரை, குறைந்த நினைவகம் ஆகியவற்றோடு அது வைத்துக்கொண்ட இன்னொரு நிபந்தனை, நாலே நாலு பொத்தான்களில் எல்லாவற்றையும் செய்துவிட முடியவேண்டும் என்பது: முன்னே போக, பின்னே போக, தேர்ந்தெடுக்க, திரும்பி வர. அடுத்த ஆண்டு, 1999 பிப்ரவரியில், என்.டி.டி. டோகோமோ நிறுவனம் ஐ-மோட் சேவையைத் தொடங்கியபோது இந்த வடிவம் ஜப்பானியரின் கைக்கு வந்தது.

நாலு பொத்தானில் ஒரு சிக்கல் உண்டு. பட்டியலில் ஒன்பதாவதாக உள்ள இணைப்புக்குப் போக, கீழ்ப்பொத்தானை எட்டு முறை அமுக்கியாக வேண்டும். அதற்கு மாற்றாக வந்ததுதான் எண்விசை. இணைப்பின் முன்னால் ஒரு சின்னச் சதுரத்துக்குள் 3 என்று போட்டிருக்கும். கைபேசியில் 3ஐ அமுக்கினால் நேரே அங்கே போய்விடலாம். அக்சஸ் கீ என்று சொல்லப்படும் இந்த ஏற்பாடு 1997இல் வந்த எச்.டி.எம்.எல். 4.0லேயே இருந்தது. ஆனால் கணினியில் அது யாரும் கண்டுகொள்ளாத மூலையில் கிடக்க, கைபேசியில்தான் அன்றாடப் பழக்கமாயிற்று. 2008 ஜூலையில் வலைக் கூட்டமைப்பு கைபேசித் தளங்களுக்கான நெறிமுறைகளை வெளியிட்டபோது, அடிக்கடி பயன்படும் இணைப்புகளுக்கு இப்படி விசை ஒதுக்கச் சொன்னது. அந்த ஆவணம் கற்பனை செய்துகொண்ட கைபேசித் திரையின் அகலம் குறைந்தது 120 புள்ளிகள். ஒரு பக்கத்தின் மொத்த எடை 20 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது. இன்று ஒரு விளம்பரப் படத்துக்கே அது போதாது.

இதைப் பொற்காலமாக நான் சித்திரிக்கவில்லை. ஐ-மோட்டின் முகப்புப் பட்டியலில் இடம்பெற்ற 'அதிகாரபூர்வ' தளங்களுக்குச் சில பொத்தான் அமுக்கில் போகலாம். அவற்றுக்கான கட்டணத்தை டோகோமோவே தொலைபேசிக் கட்டணத்தோடு வசூலித்து, தன் பங்காக 9 சதவீதம் எடுத்துக்கொண்டது. பட்டியலில் இல்லாதவற்றுக்கு வைத்த பெயர் 'கத்தே சைட்டோ', அதாவது தன்னிச்சையாக நடத்தும் தளம். அங்கே போக வேண்டுமானால் முகவரியை எழுத்தெழுத்தாகப் பொத்தானில் தட்ட வேண்டும். தடை செய்யவில்லை, தணிக்கை செய்யவில்லை. விரலை நோக வைத்தார்கள், அவ்வளவுதான். உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் இடையிலான சுவர் பொத்தான் அமுக்குகளின் எண்ணிக்கையால் கட்டப்பட்டிருந்தது.

3

ஆனாலும் அந்த எண்விசையில் இரண்டு குணங்கள் இருந்தன. இரண்டையும் நாம் இழந்திருக்கிறோம்.

ஒன்று, அது எந்த எழுத்துமுறைக்கும் சொந்தமானதில்லை. கணினியின் குறுக்குவிசைகள் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்திலிருந்து பிறந்தவை. நகலெடுக்க 'சி', அச்சிட 'பி' என்பதெல்லாம் ஆங்கிலம் தெரிந்தவருக்கு நினைவுக் குறிப்பு, தெரியாதவருக்கு மனப்பாடம். விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிவிட்டால் ஒரு வலைப்பக்கத்தின் எழுத்துக் குறுக்குவிசை வேலை செய்யாமல் போவதும் உண்டு. மொழியை மாற்றியவர் வழியையும் இழக்கிறார். எண்விசையில் இந்தக் கதை கிடையாது. 5 என்பது டோக்கியோவிலும் தூத்துக்குடியிலும் ஒரே பொத்தான். ஆபரா மினி உலாவி 2006 ஜனவரியில் உலகமெங்கும் வந்தபோது, மலிவான கைபேசியிலும் 2, 8 கொண்டு மேலும் கீழும், 4, 6 கொண்டு பக்கவாட்டிலும் பக்கத்தை நகர்த்த முடிந்தது. அதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

தமிழ் எழுத வேண்டி வந்தபோதுதான் அந்தப் பன்னிரண்டு பொத்தான் எவ்வளவு குறுகலானது என்று தெரிந்தது. ஓர் எழுத்துக்கு நாலைந்து அமுக்கு. எழுதி முடித்தால் அதற்கும் அபராதம்: ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்து, யுனிகோடில் அனுப்பும் தமிழ்ச் செய்தியில் 70. அந்த எழுபதும் நம் கணக்கில் எழுபது இல்லை. 'தமிழ்' என்பதை நாம் மூன்று எழுத்தாக எண்ணுகிறோம்; எந்திரம் மெய்க்குத் தனி, உயிர்க்குறிக்குத் தனி, புள்ளிக்குத் தனி என்று ஐந்தாக எண்ணுகிறது. தேடல் கட்டத்தில் தமிழில் எழுதாமல் ஆங்கில எழுத்தில் 'கோவில்', 'பட்டா' என்று அடிக்கும் பழக்கம் தாழ்வு மனப்பான்மையால் மட்டும் வந்ததல்ல. பொத்தானின் பொருளாதாரம் அதற்குள் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் தேடியவருக்கு ஆங்கிலப் பக்கங்கள் முன்னால் வருவதும், பிறகு 'தமிழில் உள்ளடக்கத்துக்குத் தேவை இல்லை' என்று கணக்கு எழுதப்படுவதும் அதன் தொடர்ச்சி.

இரண்டாவது குணம் இன்னும் முக்கியமானது. எண் போட்ட பட்டியல், தான் ஒரு வரிசை என்பதை ஒப்புக்கொள்கிறது. 1 என்றும் 9 என்றும் எழுதியிருப்பதைப் பார்த்ததும், 'யார் இவனை ஒண்ணாவதா வச்சது?' என்ற கேள்வி எழ இடமிருக்கிறது. கட்டிடத் தொழிலாளர் சங்கத் தோழர் ஒருவர் இப்போதும் பொத்தான் கைபேசிதான் வைத்திருக்கிறார். மகனின் தொடுதிரைக் கைபேசியைப் பற்றிப் பேச்சு வந்தபோது சொன்னார்: 'தோழர், அதுல தள்ளிக்கிட்டே போனா எங்க நிக்கிறோம்னே தெரியல. போன்ல ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு சொல்றப்ப, நமக்கு மொத்தம் எத்தன வழி இருக்குன்னாவது தெரியுது.' வடிவமைப்பு பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் கூர்மையானது இது. மொத்தம் எத்தனை, இதில் நான் எத்தனையாவதில் நிற்கிறேன் என்கிற தகவல் வாசிப்பவருக்கான உரிமை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் இதை நன்றாக அறியும். பக்கத்தை எழுதியவர் பட்டியலைப் பட்டியல் என்று முறையாகக் குறியிட்டிருந்தால், அதில் எத்தனை உருப்படிகள் என்று வாசிப்பான் சொல்லும். வெறும் பெட்டிகளாக அடுக்கி வைத்திருந்தால் அதற்கும் ஒன்றும் தெரியாது.

4

போர்ஹே தன் கட்டுரையொன்றில் காட்டிய சீனக் கலைக்களஞ்சியத்தின் விலங்குப் பட்டியலைப் படித்துச் சிரித்ததிலிருந்துதான் தன் புத்தகம் பிறந்தது என்று 1966இல் எழுதினார் ஃபூக்கோ. எந்த ஒழுங்குக்கும் அடங்காத பட்டியல் நம்மைச் சிரிக்க வைக்கிறது. சிரிப்பே வராத பட்டியலைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும்.

கைபேசித் தேடலின் பட்டியலைப் பாருங்கள். விளம்பரத்தையும் மற்ற முடிவையும் பிரித்துக் காட்டும் அடையாளம் கூகிளில் எப்படி மாறிவந்தது என்பது ஒரு தனி வரலாறு. முதலில் விளம்பரங்களுக்குப் பின்னால் வேறு நிறம் பூசியிருந்தது. 2013இல் அந்த நிறம் போய், மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன முத்திரை வந்தது. 2016இல் மஞ்சள் பச்சையாயிற்று. இணைய முகவரியும் அதே பச்சைதான். 2019 மே மாதம் கைபேசியில் அது கறுப்பு எழுத்தாகி, மற்ற முடிவுகளுக்குத் தளத்தின் சின்னம் இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. இதையே 2020 ஜனவரியில் கணினிக்கும் கொண்டுவந்தபோது எதிர்ப்பு எழுந்து பின்வாங்கினார்கள். ஒவ்வொரு மாற்றமும் அற்பமானது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், காசு கொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்தவரை அடையாளம் காண்பது படிப்படியாகக் கடினமாக்கப்பட்டிருக்கிறது.

இந்த ஆபத்து தெரியாமல் யாரும் இதைத் தொடங்கவில்லை. 1998இல் செர்கே பிரின்னும் லாரி பேஜும் தங்கள் தேடுபொறியை விவரித்து எழுதிய ஆய்வுரையின் பின்னிணைப்பில், விளம்பரத்தால் பிழைக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று அவர்களே எழுதினார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த உதாரணம் கைபேசிதான். 'செல்லுலர் போன்' என்று தேடினால், வண்டி ஓட்டும்போது கைபேசியில் பேசுவதன் ஆபத்தை விளக்கும் ஓர் ஆய்வு தங்கள் பொறியில் முன்னணியில் வருகிறது. கைபேசி விளம்பரத்தில் சம்பாதிக்கும் பொறிக்கு இப்படிக் காட்ட மனம் வராது என்பது அவர்கள் தர்க்கம். தர்க்கம் சரிதான். எந்தப் பக்கம் போய் நிற்பது என்பதில்தான் பிறகு மாறிப்போனார்கள்.

இந்தியாவில் நடந்த வழக்கு ஒன்று நம் விவாதத்துக்கு நேரடியாக வருகிறது. 2012இல் புகார் கொடுத்த இருவரில் ஒன்று நுகர்வோர் அமைப்பு. மற்றது சென்னையைச் சேர்ந்த திருமணத் தகவல் நிறுவனம். சாதிவாரியாக வரன் பட்டியல் போடுவது அந்தத் தொழிலின் பகுதி என்பதையும் சொல்லியாக வேண்டும். வரிசையின் அநீதி பற்றி முறையிட வருகிறவர்கள் எல்லோரும் வரிசைக்கு எதிரானவர்கள் இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகிளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. ஆணையத்தின் கண்டுபிடிப்புகளில் ஒன்று நாம் கவனிக்க வேண்டியது: 2010க்கு முன்பு, படம், செய்தி போன்ற சிறப்பு முடிவுகள் பொருத்தத்தின் அடிப்படையில் அல்லாமல், முதலாவது, நான்காவது, பத்தாவது இடங்களில் வரும்படி முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருந்தன. 'பொருத்தம்' என்ற சொல்லாடலின் அடியில் நாற்காலி எண்கள் இருந்திருக்கின்றன. திரையில் எண் இல்லை. உள்ளே எண் இருந்தது.

சேரன்மாதேவி குருகுலத்தில் 1924, 25இல் எழுந்த பிரச்சினை நமக்குத் தெரியும். சாப்பாடு எல்லோருக்கும் உண்டு, பந்திதான் வேறு என்று வாதிட்டார்கள். தேடுபொறியின் வாதமும் இந்த ஜாதிதான்: எல்லாப் பக்கங்களும் இங்கே இருக்கின்றன, யாரையும் வெளியே தள்ளவில்லை. இருக்கலாம். எந்தப் பந்தியில் என்பதுதான் கேள்வி.

வரிசையே கூடாது என்று சொல்ல வரவில்லை. வரிசை இல்லாமல் பட்டியல் கிடையாது. வாசிப்பவர் சரிபார்க்கக்கூடிய வரிசை, சரிபார்க்க முடியாத வரிசை என்று இரண்டு உண்டு. நிகண்டுகள் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்தன. எதற்குப் பிறகு எது என்பது ஆசிரியனின் உலகப்பார்வையைப் பொறுத்தது, மனப்பாடம் செய்தவருக்கே அங்கே வழி தெரியும். 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி போன்றவை அகரவரிசையில் போயின. அகரவரிசையில் எந்த நியாயமும் இல்லை. 'அடிமை' முன்னாலும் 'விடுதலை' பின்னாலும் வரும். ஆனால் அரிச்சுவடி தெரிந்த எவரும் அதைச் சோதிக்கலாம், தொகுத்தவரையே பிழை பிடிக்கலாம். தேடுபொறியின் வரிசை நம்மை மறுபடி நிகண்டு காலத்துக்கு அனுப்பிவிட்டது. மனப்பாடம் செய்யவும் வழியில்லாத நிகண்டு. நேற்று இருந்த வரிசை இன்று இல்லை, உங்களுக்கு வருவது எனக்கு வருவதில்லை.

5

இனி குறுக்குவழி. தமிழில் இந்தச் சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. 'குறுக்குவழியில் முன்னேறியவன்' என்றால் அயோக்கியன் என்று அர்த்தம். இந்த ஒழுக்கவாதம் நெடுஞ்சாலையை யார் போட்டார்கள் என்று கேட்பதில்லை. மிஷேல் த செர்த்தோ 1980இல் எழுதிய நூலில், இடத்தைத் தன் வசம் வைத்திருப்பவர்களின் திட்டத்தையும், சொந்த இடமில்லாதவர்கள் அதற்குள் புகுந்து செய்யும் தந்திரத்தையும் பிரித்துக் காட்டினார். நகரத்தைத் திட்டமிடுபவர் வரைபடம் போடுகிறார். நடப்பவர் தன் போக்கில் குறுக்கே போகிறார். நம்மூர் ஒற்றையடிப் பாதை இதுதான். பொதுப்பணித்துறை போட்டதில்லை, கால்கள் போட்டது.

ஆனால் த செர்த்தோவை அப்படியே இங்கே கொண்டுவந்து வைப்பதில் சிக்கல் இருக்கிறது. ஊர்த் தெருவில் நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்களும் வரப்பு வழியாகத்தான் சுற்றிப் போனார்கள். அந்த ஒற்றையடிப் பாதை சுதந்திரத்தின் அடையாளம் இல்லை, விலக்கின் அடையாளம். வைக்கத்தில் 1924இல் கேட்டது மாற்றுப் பாதையை அல்ல, தெருவையே. ஆக, குறுக்குவழி யார் கையில் இருக்கிறது, யார்மேல் சுமத்தப்படுகிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

கைபேசியில் இன்று மிகப் பெரிய குறுக்குவழி, நாம் எதையும் அமுக்கும் முன்பே நமக்காக அமுக்கப்பட்டுவிடுவது. புதுக் கைபேசியின் உலாவியில் எந்தத் தேடுபொறி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்கிறேன். அந்த இடத்துக்காகக் கூகிள் 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்க வழக்கில் வெளிவந்தது. அந்த வழக்கில்தான் 2024 ஆகஸ்டில், தேடலில் அது சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பாயிற்று. ஒரு பொத்தானை அமுக்காமல் இருப்பதற்கு இவ்வளவு விலை என்றால், 'பொத்தானில் என்ன அரசியல்' என்று கேட்ட தோழர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

இதற்கு எதிரான தந்திரங்களும் இல்லாமல் இல்லை. 2024 மே மாதம் பட்டியலின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதிய பத்திகள் அமெரிக்காவில் வரத் தொடங்கின. அதே மாதம் வெறும் வலை இணைப்புகளை மட்டும் காட்டும் வடிகட்டி ஒன்றையும் கூகிள் கொண்டுவந்து, பட்டியலுக்குள் புதைத்து வைத்தது. தேடல் முகவரியின் வாலில் 'யூ.டி.எம். = 14' என்று சேர்த்தால் நேரே அந்த இணைப்புப் பட்டியலுக்குப் போய்விடலாம் என்று பயனர்கள் கண்டுபிடித்து, ஒருவருக்கொருவர் சொல்லி, உலாவியில் நிரந்தரமாகவே அதைப் பதித்துக்கொண்டார்கள். கால்கள் போட்ட பாதை. ஆனால் இந்தப் பாதையை நில உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் உழுதுவிடலாம். ஒரு பக்கத்தில் நூறு முடிவுகளைக் கேட்டு வாங்க முகவரியில் சேர்க்கும் எண் ஒன்று பல ஆண்டுகளாக இருந்தது. 2025 செப்டம்பரில் அது வேலை செய்யாமல் போயிற்று.

மாற்றுத்திறனாளிகளுக்காக வலைக் கூட்டமைப்பு வகுத்த நெறிகளில் ஒரு நகர்வு இருக்கிறது. 1999இல் அவர்கள் சொன்னது, முக்கிய இணைப்புகளுக்குக் குறுக்குவிசை கொடுங்கள் என்று. கொடுத்தவர்கள் அவரவர் இஷ்டத்துக்குக் கொடுத்ததில், திரைவாசிப்பானின் விசைகளோடு அவை மோதின. குரலால் கட்டளையிடுபவர்கள் ஒரு சொல் சொன்னால் வேறெதுவோ நடந்தது. 2018 ஜூனில் வந்த நெறி சொல்வது வேறு: ஒற்றை எழுத்துக் குறுக்குவிசை வைத்தால், அதை அணைக்கவோ மாற்றிக்கொள்ளவோ பயனருக்கு வழி இருக்க வேண்டும். கொடுப்பது போதாது, கைமாற்ற வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர அவர்களுக்கு இருபது வருஷம் ஆயிற்று. நலத்திட்டத்துக்கும் உரிமைக்கும் உள்ள தூரம் அது.

6

இதிலிருந்து நமக்கான கோரிக்கைகள் எழுகின்றன. எந்தத் தேடல் முடிவும் தன் இட எண்ணை வெளியே காட்ட வேண்டும். காசு வாங்கி வைத்த இடம் எது, தானே எழுதிய பத்தி எது, பிறர் பக்கம் எது என்று நிறத்தாலும் சொல்லாலும் திரைவாசிப்பானுக்குக் கேட்கும்படியும் பிரித்துக்காட்ட வேண்டும். தேதிவாரியாக, அகரவரிசையாக அடுக்கித் தா என்று கேட்கும் விசை வாசிப்பவர் கையில் இருக்க வேண்டும். அரசு இணையதளங்கள் எண்விசையில், பொத்தான் கைபேசியில், தமிழில் இயங்க வேண்டும். இந்தியாவில் விற்கும் கைபேசிகளில் இந்திய மொழிகளை வாசிக்க வழியிருக்க வேண்டும் என்று 2016இல் ஆணை போட்டார்கள். வாசிக்க முடிந்தால் மட்டும் போதாது. வழி தேடவும் முடிய வேண்டும்.

நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. பட்டியலில் நாம் ஏன் இல்லை என்று கேட்பதற்கு முன், தேடினால் கிடைக்கும் நிலையில் நாம் இருக்கிறோமா? தொண்ணூறுகளின் சிற்றிதழ் எழுத்தில் பெரும்பகுதி தாளில் கிடக்கிறது. கணினியில் ஏற்றியவையும் ஆளாளுக்கு ஓர் எழுத்துருக் குறியேற்றத்தில் கிடக்கின்றன. தமிழ்நாடு அரசே யுனிகோடை ஏற்றது 2010இல்தான். படமாக வருடி ஏற்றியவற்றில் தலைப்புகூடத் தேடுபொறிக்குத் தெரிவதில்லை. எத்தனை சிற்றிதழ்களுக்குப் பொருளடைவு உண்டு? யார், எந்த இதழில், எதைப் பற்றி எழுதினார் என்று எண் போட்டு, அகரவரிசையில், யாரும் சரிபார்க்கக்கூடிய ஒரு பட்டியலைத் தயாரிக்க எந்த நிறுவனத்தின் அனுமதியும் நமக்குத் தேவையில்லை. நாலு பேர் உட்கார்ந்தால் ஓர் இதழின் பத்து வருஷத்தை முடித்துவிடலாம். பழைய இதழ்களைக் கட்டிவைத்திருக்கும் தோழர்கள் அவற்றைப் பரணிலிருந்து இறக்கினால் வேலையைத் தொடங்கலாம்.